பென் டிரைவ் வேண்டாம், டேட்டாபேஸை நேரே சர்வருக்கு அனுப்பலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த பிரிண்டர் நல்லது?" என்பதுதான். "இதில் ஏற்றி வைக்கிற கணக்கெல்லாம் ஒரு நாள் போய்விட்டால் என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்டதில்லை. 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதம்தான் என்னைக் கேட்க வைத்தது.

எனக்கு ஊர் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். எங்கள் பக்கம் தொழில் என்றால் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு மூன்றும்தான். இங்கே ஒரு சிறிய காலண்டர் அச்சகத்தின் கம்ப்யூட்டரைக் கவனித்துக் கொள்வது என் வேலை. ஆடிப் பதினெட்டு அன்று புதிய காலண்டர் ஆல்பம் வெளிவரும். அன்று தொடங்கும் ஆர்டர் மார்கழி வரை ஓயாது. ஒவ்வொரு ஆர்டரிலும் கடையின் பெயர், அதன் கீழே போட வேண்டிய வாசகம், போன் நம்பர்கள், எந்த சாமி படம், எத்தனை காலண்டர் என்று பல விவரங்கள் இருக்கும். இவை அனைத்தும் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸில் இருந்தன.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. விண்டோஸ் வரவில்லை. பதற்றப்படாமல் மேஜை டிராயரைத் திறந்து பென் டிரைவை எடுத்தேன். அதிலிருந்த பேக்கப் 19 நாள் பழையது! சீசன் நேரத்தில் 19 நாள் ஆர்டர் என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஏஜென்டுகளுக்குப் போன் போட்டு, துண்டுச் சீட்டுகளைத் தேடி, மீதியைப் போன வருடக் கணக்கைப் பார்த்து நிரப்பினோம். போன் நம்பர் மாற்றியிருந்த இரண்டு கடைகளுக்குப் பழைய நம்பரோடு காலண்டர் போய்விட்டது. காலண்டர் என்பது ஒரு வருடம் சுவரில் தொங்குகிற விளம்பரம். அண்ணாச்சி இரண்டையும் தன் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கற்றுக் கொண்டதுதான் இந்தக் கட்டுரை. டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து, அதைக் கையால் தூக்கிச் செல்லாமல், ஒரே கட்டளையில் வெளியூரில் இருக்கும் சர்வருக்கு எப்படி அனுப்புவது என்று பார்ப்போம். அதில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எக்ஸ்போர்ட் என்றால் என்ன?

வேர்டில் ஒரு கடிதம் அடித்தால் அது ஒரே ஃபைல். அதைக் காப்பி செய்தால் வேலை முடிந்தது. டேட்டாபேஸ் அப்படியல்ல. அது பல ஃபைல்களில் பரவியிருக்கும். புரோகிராம் ஓடிக் கொண்டிருக்கும்போது அந்த ஃபைல்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஓடும்போது போல்டரை அப்படியே காப்பி செய்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வர வாய்ப்புண்டு. பிறகு அது திறக்காது.

எனவே டேட்டாபேஸ் புரோகிராமிடமே, "உன்னிடம் இருப்பதை எல்லாம் எழுதிக் கொடு" என்று கேட்க வேண்டும். அதுதான் எக்ஸ்போர்ட். அது எழுதித் தருவது சாதாரண டெக்ஸ்ட். "இந்தப் பெயரில் ஓர் அட்டவணை உருவாக்கு, அதில் இந்த வரியைச் சேர்" என்று வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். இதை வேறொரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அங்கே அதே டேட்டாபேஸ் மீண்டும் உருவாகிவிடும்.

உலகெங்கும் அதிகம் பயன்படும் இலவச டேட்டாபேஸ்களில் ஒன்று மைஎஸ்க்யூஎல். 1995-ல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் 'மை' பெயரை அதற்கு வைத்தார். அது 2010-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டே விடேனியஸ் இன்னொன்றைத் தொடங்கி, இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்று அழைத்தார். சாம்ப் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் உங்களுக்கு வருவது மரியாடிபிதான். எங்கள் அச்சகத்திலும் அதுவே.

பழைய வழியில் என்ன சிக்கல்?

பிஹெச்பிமைஅட்மின் என்ற பக்கத்தைத் திறந்து எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் ஒரு ஃபைல் டவுன்லோட் ஆகும். பிறகு சர்வரில் உள்ள அதே பக்கத்தைத் திறந்து இம்போர்ட் பட்டன் மூலம் ஏற்ற வேண்டும். சிறிய டேட்டாபேஸுக்கு இது போதும். ஆனால் பிஹெச்பி மொழியில் ஒரு ஃபைலை ஏற்றுவதற்கு ஆரம்பத்தில் வைத்திருக்கும் எல்லை வெறும் 2 எம்பி. எங்கள் எக்ஸ்போர்ட் 38 எம்பி. எல்லையைக் கூட்டினாலும், ஒரு வேலை 30 விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடும் இன்னொரு எல்லையும் உண்டு. ஏற்றும் வேலை பாதியில் நின்றால் அட்டவணை பாதியில் நிற்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இது மனிதர் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. வேலை மும்முரத்தில் மறந்துவிடுவோம். நாம் மறந்த நாளில்தான் டிஸ்க் போகும். பென் டிரைவுக்கும் இதே கதைதான். அதுவும் கம்ப்யூட்டர் இருக்கும் அதே மேஜை டிராயரில்தானே கிடக்கிறது?

குழாய் என்ற எளிய வழி

அச்சடித்துக் கட்டிய காலண்டர் கட்டுகளை யாராவது டிவிஎஸ் 50-ல் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கி, மறுபடி ஏற்றி லாரி ஷெட்டுக்குக் கொண்டு போவார்களா? அச்சகத்திலிருந்து நேரே லாரிக்குத்தான் போகும். டேட்டாவுக்கும் அதையே செய்யலாம். அதற்கு உதவுவது 'பைப்' என்னும் குழாய்.

உங்கள் கீபோர்டில் என்டர் கீக்கு மேலே சாய்கோடு உள்ள கீ இருக்கிறதல்லவா? ஷிப்ட் கீயுடன் சேர்த்து அதை அழுத்தினால் | என்ற நேர்கோடு வரும். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே இந்தக் கோட்டைப் போட்டால், முதல் கட்டளை எழுதுவதை இரண்டாவது கட்டளை அப்படியே வாங்கிக் கொள்ளும். நடுவில் ஃபைல் எதுவும் உருவாகாது. டக் மெக்கில்ராய் சொன்ன இந்த யோசனையை 1973-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் ஒரே இரவில் யுனிக்ஸில் சேர்த்தார். இன்று விண்டோஸிலும் இது இருக்கிறது.

குழாயின் ஒரு முனை நம் டேட்டாபேஸ். மறு முனை வெளியூர் சர்வர். நடுவே இருப்பது இன்டர்நெட் என்ற பொதுச்சாலை. அதில் நம் பார்ட்டிகளின் பெயரும் போன் நம்பரும் எல்லோரும் பார்க்கும்படி போகக் கூடாது. அதற்குத்தான் எஸ்எஸ்ஹெச். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995-ல் எழுதியது இது. போகிற வழியில் எல்லாவற்றையும் பூட்டியே அனுப்பும். விண்டோஸ் 10-ல் 2018 முதல் இது தானாகவே சேர்ந்து வருகிறது. நீங்கள் எதையும் தனியாக வாங்க வேண்டியதில்லை.

சிலர் "எஸ்எஸ்ஹெச் எதற்கு, சர்வரின் டேட்டாபேஸ் கதவையே இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டால் நேரே ஏற்றலாமே" என்பார்கள். வேண்டாம். 2017-ன் தொடக்கத்தில் மோங்கோடிபி என்ற டேட்டாபேஸை இப்படித் திறந்து போட்டிருந்த ஆயிரக்கணக்கான சர்வர்களில் புகுந்து, டேட்டாவை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள்.

முன்னதாகத் தேவையானவை

1. மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி உள்ள உங்கள் கம்ப்யூட்டர். சர்வரிலும் அதே டேட்டாபேஸ், கூடியவரை அதே பதிப்பு இருக்கட்டும்.

2. எஸ்எஸ்ஹெச் வசதியுள்ள ஒரு வாடகை சர்வர். எல்லா வெப் ஹோஸ்டிங்கிலும் இந்த வசதி தருவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக் கொள்ளுங்கள்.

3. ஒரு ஜோடிச் சாவி. கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'எஸ்எஸ்ஹெச்-கீஜென்' என்று அடித்தால் இரண்டு ஃபைல்கள் உருவாகும். ஒன்று ரகசியச் சாவி, மற்றொன்று பொதுச் சாவி. பொதுச் சாவியை மட்டும் சர்வரின் கன்ட்ரோல் பேனலில் சேர்க்க வேண்டும். ரகசியச் சாவி உங்கள் கம்ப்யூட்டரை விட்டு எங்கும் போகக் கூடாது. மெயிலில் கூட அனுப்பாதீர்கள். இனிப் பாஸ்வேர்ட் கேட்காமல் சர்வர் உங்களை உள்ளே விடும்.

4. டேட்டாபேஸின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல். பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே அடித்தால் பின்னால் நிற்பவருக்கும் தெரியும், கம்ப்யூட்டரின் ஞாபகத்திலும் தங்கும். எனவே தனி ஃபைல்.

கட்டளையைச் சொல் சொல்லாகப் பார்ப்போம்

அச்சகத்துப் பையனுக்கு நான் போனில் சொன்னது போலவே இங்கும் உச்சரிப்பில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், எல்லாவற்றையும் ஒரே வரியில் அடிக்க வேண்டும்.

முதல் சொல்: மைஎஸ்க்யூஎல்டம்ப். இடைவெளி இல்லாமல் ஒரே சொல். எக்ஸ்போர்ட் செய்யும் புரோகிராம் இதுதான். சாம்ப் போல்டரின் உள்ளே மைஎஸ்க்யூஎல், அதற்குள் பின் என்ற போல்டரில் இருக்கும்.

இரண்டாவது: --டிஃபால்ட்ஸ்-எக்ஸ்ட்ரா-ஃபைல்= என்று அடித்து, பாஸ்வேர்ட் எழுதி வைத்த ஃபைலின் முழு முகவரி. இது முதல் சொல்லுக்கு அடுத்தபடியாகவே வர வேண்டும். இடம் மாறினால் வேலை செய்யாது.

மூன்றாவது: --சிங்கிள்-ட்ரான்சாக்ஷன். எக்ஸ்போர்ட் நடக்கும்போது யாராவது புது ஆர்டர் ஏற்றினாலும், எக்ஸ்போர்ட் தொடங்கிய நொடியில் இருந்த நிலை மட்டுமே போகும். வேலையும் தடைபடாது. இன்னோடிபி என்ற வகை அட்டவணைகளுக்கு இது பொருந்தும். இப்போது புதிதாக உருவாக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

நான்காவது: --டிஃபால்ட்-கேரக்டர்-செட்=யுடிஎஃப்8எம்பி4. தமிழ் எழுத்துகள் கெடாமல் போக இது தேவை.

ஐந்தாவது: உங்கள் டேட்டாபேஸின் பெயர். எங்களுடையது 'காலண்டர்'.

ஆறாவது: | என்ற குழாய்.

ஏழாவது: எஸ்எஸ்ஹெச் -சி. இந்த 'சி' மட்டும் பெரிய எழுத்து. போகிற வழியில் டேட்டாவைச் சுருக்கி அனுப்பச் சொல்கிறோம். அடுத்து சர்வரில் உங்கள் யூசர் பெயர், @ குறி, சர்வரின் முகவரி.

எட்டாவது: இரட்டை மேற்கோள் குறிக்குள் "ஜிஜிப் > ஆர்டர்.எஸ்க்யூஎல்.ஜிஇசட்". இது சர்வரில் ஓடும் கட்டளை. வந்து விழும் டெக்ஸ்ட்டைச் சுருக்கி, அந்தப் பெயரில் ஒரு ஃபைலாகப் போட்டுக்கொள் என்று பொருள்.

என்டர் தட்டுங்கள். முதல் தடவை மட்டும், இந்த சர்வரை நம்பலாமா என்று ஒரு கேள்வி வரும். சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர் தந்த அடையாள எண்ணும் திரையில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்துவிட்டு 'எஸ்' என்று முழுச் சொல்லாக அடியுங்கள். எங்கள் 38 எம்பி, சர்வரில் சுமார் 5 எம்பியாகச் சுருங்கி உட்கார்ந்தது. நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

தமிழில் டேட்டா உள்ளவர்கள் கவனிக்க!

இந்தக் கட்டளையை விண்டோஸின் பழைய கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ட்டில் அடியுங்கள். நீலத் திரையில் வருமே பவர்ஷெல், விண்டோஸுடன் வரும் அதன் 5.1 பதிப்பில் அடிக்காதீர்கள். அது குழாய் வழியாகப் போகும் எழுத்துகளைத் தானே மாற்றி எழுதும். தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். "ஸ்ரீ மாரியம்மன் ஸ்டோர்ஸ்" என்ற பெயர் வெறும் "?????" என்று ஆகிவிட்டால் அதை எந்தக் கட்டளையாலும் திரும்பப் பெற முடியாது.

தினமும் தானாக நடக்க

கட்டளை சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும், அதை நோட்பேடில் எழுதி 'பேட்' என்ற பின்பெயருடன் சேமியுங்கள். இதுவே பேட்ச் ஃபைல். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் ஒரு நேரத்தில் அதை ஓட்டும்படி சொல்லி வைக்கலாம். அச்சக ஆபீஸை இரவு 9 மணிக்குப் பூட்டுவார்கள் என்பதால் நாங்கள் 8.30 என்று வைத்தோம். கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தால் எதுவும் ஓடாது அல்லவா? எந்த யூசர் பெயரில் சாவியை உருவாக்கினீர்களோ அதே பெயரில் ஓடும்படி வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஃபைல் பெயரில் போட்டால் நேற்றையது அழிந்துவிடும். எனவே ஃபைல் பெயரின் நடுவே $(டேட் +%எஃப்) என்று சேர்த்தால் சர்வரே அன்றைய தேதியைப் போட்டுக் கொள்ளும். பேட்ச் ஃபைலில் எழுதும்போது % குறியை இரண்டு முறை அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் அடித்தால் விண்டோஸ் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்து விழுங்கிவிடும்.

எல்லாம் அழகாக நடந்தது. 2023 போனது. 2024 ஆடிப் பதினெட்டும் வந்து போனது. நான் நிம்மதியாக இருந்தேன்.

இருபது பைட் ஃபைல்

2024 புரட்டாசியில் ஒரு நாள். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏப்பா தம்பி, தினமும் மும்பைக்குப் போகுதுன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் திறந்து காட்டு" என்றார்.

"போயிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

"போறது சரிப்பா. நாம லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு கட்டைப் பிரிச்சுப் பார்ப்போம்ல, அது மாதிரி பார்ப்போம்."

சர்வருக்குள் போய் ஃபைல் பட்டியலைக் காட்டினேன். தேதி வாரியாக வரிசையாக ஃபைல்கள் இருந்தன. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். "இதென்ன, முன்னாடியெல்லாம் பெரிய நம்பரா இருக்கு, இங்கிருந்து எல்லாம் இருபது இருபதுன்னு இருக்கே?" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைசி 23 நாள் ஃபைல்கள் எல்லாமே சரியாக 20 பைட். ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் அது உருவாக்கும் ஃபைலின் அளவு 20 பைட். அதாவது, 23 இரவுகளாக நாங்கள் காலிக் கட்டை லாரியில் ஏற்றி அனுப்பிக் கொண்டிருந்தோம்!

காரணம் நான்தான். சாம்ப் தொகுப்பில் டேட்டாபேஸின் முதன்மை யூசருக்குத் தொடக்கத்தில் பாஸ்வேர்டே இருக்காது. அது ஆபத்து என்று 24 நாள் முன்பு நானே ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். பேக்கப்புக்காக எழுதி வைத்த டெக்ஸ்ட் ஃபைலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். எக்ஸ்போர்ட் புரோகிராம் தினமும் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று கத்தியிருக்கிறது. ஆனால் டாஸ்க் ஷெட்யூலர் பின்னணியில் ஓடுவதால் அந்தத் திரையை யாரும் பார்க்கவில்லை. குழாயின் மறுமுனையில் இருந்த ஜிஜிப்புக்கோ, டேட்டா முடிந்துவிட்டது என்று மட்டும் தெரியும். ஏன் முடிந்தது என்று அதற்குத் தெரியாது. வந்ததைச் சுருக்கி, "வேலை முடிந்தது" என்று சொல்லிவிட்டது. குழாயில் கடைசிக் கட்டளை ஜெயித்தால் மொத்த வேலையும் ஜெயித்ததாகவே கணக்கு.

நல்ல வேளை, இந்த முறை ஹார்ட் டிஸ்க் போகவில்லை. அந்த 23 நாளில் போயிருந்தால் 2022-ல் நடந்ததைவிட மோசமாக இருந்திருக்கும். அப்போது பேக்கப் பழையது என்றாவது எங்களுக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான்

என்னை நானே நொந்து கொண்டிருந்தபோது படித்தது இது. கிட்லேப் என்பது உலகெங்கும் உள்ள புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் தளம். 2017 ஜனவரி 31 அன்று இரவு அங்கே வேலை பார்த்த ஒருவர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாபேஸ். நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. எக்ஸ்போர்ட் புரோகிராமின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால் தினமும் அது தோற்றுக் கொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு காப்பிதான் அவர்களைக் காப்பாற்றியது. இடையில் இருந்த ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. நடந்ததை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதால்தான் நாம் இன்று பாடம் படிக்க முடிகிறது.

அனுப்பியதைச் சரி பார்ப்பது எப்படி?

இப்போது நாங்கள் செய்வது மூன்று சோதனைகள். மூன்றும் சுலபம்தான்.

முதலாவது, அளவு. சர்வரில் 'எல்எஸ் -எல்' என்று அடித்தால் ஃபைல்களின் அளவு தெரியும். நேற்றையதைவிட இன்றையது சட்டென்று சிறியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எங்கள் அண்ணாச்சிக்குத் தெரிந்த சோதனை இதுதான், அதுவே எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது, கடைசி வரி. எக்ஸ்போர்ட் புரோகிராம் வேலையை முழுதாக முடித்தால் மட்டுமே கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதித் தேதியும் நேரமும் போடும். பாதியில் கரன்ட் போனாலோ, இன்டர்நெட் அறுந்தாலோ அந்த வரி இருக்காது. சர்வரில் 'கன்ஜிப் -சி' என்று அடித்து ஃபைலின் பெயர், பிறகு ஒரு குழாய், பிறகு 'டெய்ல் -1' என்று கொடுத்தால் கடைசி வரி மட்டும் தெரியும். இதையும் பேட்ச் ஃபைலிலேயே சேர்த்துவிட்டேன். வரும் டேட்டா முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் விழும். கடைசி வரி இருந்தால் மட்டுமே தேதி போட்ட பெயர் கிடைக்கும். தேதி போட்ட ஃபைல் இல்லை என்றால் அன்று பேக்கப் இல்லை. காலிக் கட்டுக்கு இனி சீட்டு ஒட்ட முடியாது.

மூன்றாவது, திறந்து பார்ப்பது. மாதம் ஒரு முறை சர்வரில் 'சோதனை' என்ற பொருளில் ஒரு தனி டேட்டாபேஸ் உருவாக்கி, பேக்கப்பை அதில் ஏற்றுகிறோம். அதே 'கன்ஜிப் -சி', ஃபைலின் பெயர், குழாய், பிறகு 'மைஎஸ்க்யூஎல்' என்ற சொல்லும் சோதனை டேட்டாபேஸின் பெயரும். பிறகு இங்கே எத்தனை ஆர்டர், அங்கே எத்தனை ஆர்டர் என்று எண்ணிப் பார்க்கிறோம். தமிழ்ப் பெயர் உள்ள ஒரு ஆர்டரையும் திறந்து படிக்கிறோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஃபைலாகப் போடாமல், உள்ளூர் டேட்டாபேஸிலிருந்து நேரே சர்வரின் டேட்டாபேஸுக்குள்ளேயே குழாய் போடவும் முடியும். எட்டாவது பகுதியில் ஜிஜிப்புக்குப் பதில் 'மைஎஸ்க்யூஎல்' என்றும் டேட்டாபேஸின் பெயரும் எழுதினால் போதும். ஆனால் எக்ஸ்போர்ட் ஆகும் டெக்ஸ்ட்டில் ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் "பழைய அட்டவணை இருந்தால் நீக்கு" என்ற கட்டளை இருக்கும். பாதியில் இன்டர்நெட் அறுந்தால் பழையதும் போய், புதியதும் வராமல் நிற்பீர்கள். எனவே எப்போதும் சோதனை டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள்.

ஒரே கூரையின் கீழ் வேண்டாம்

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. சின்னச் சின்ன அறைகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக. வெடிபொருள் விதிகளும் இந்த இடைவெளியைக் கட்டாயமாக்குகின்றன. அந்த இடைவெளியை மதிக்காத இடங்களில் என்ன நடக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

டேட்டாவுக்கும் இதுதான் விதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று முழுதும் எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரியில் பற்றிய தீயில், அரசு ஊழியர்கள் தங்கள் ஃபைல்களைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' அழிந்தது. 858 டெராபைட். வெளியே வேறு காப்பி இல்லை. தீ மட்டுமா? 2023 டிசம்பரில் நம் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த வெள்ளத்தில் மேஜை டிராயரில் கிடந்த பென் டிரைவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே கதிதான்.

எனவே ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளியூர் சர்வரில், இன்னொன்று வீட்டில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் என மூன்று இடங்களில் வைக்கிறோம். மூன்றும் ஒரே நாளில் போக வாய்ப்பு மிகக் குறைவு.

உங்களிடம் டேட்டாபேஸே இல்லை என்கிறீர்களா? கவலை வேண்டாம். கடைக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், குடும்பப் போட்டோக்கள் என்று எதுவானாலும் இதே விதிதான். அனுப்புவது பாதி வேலை. போய்ச் சேர்ந்ததைத் திறந்து பார்ப்பது மீதி வேலை.

இப்போதெல்லாம் மாதக் கடைசி சனிக்கிழமை மாலை அண்ணாச்சி தானாகவே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "கட்டைப் பிரிப்பா" என்பார். சோதனை டேட்டாபேஸில் ஏற்றி, ஏதாவது ஒரு கடையின் பெயரைத் தேடச் சொல்வார். பெயர், வாசகம், போன் நம்பர், சாமி படம் எல்லாம் திரையில் வரும். தன் கையேட்டைப் புரட்டி நம்பரைச் சரி பார்த்துவிட்டு, "சரி, கட்டிரு" என்று எழுந்து போவார்.

இன்றே உங்கள் பேக்கப்பில் ஒன்றை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் சந்தோஷம். திறக்காவிட்டால் இன்னும் சந்தோஷப்படுங்கள். டிஸ்க் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டதே!